வெயிலுக்குக் காட்ட வேண்டிய கை

றியாத்
12.03.1982

அன்பின் தங்கச்சி முனவ்வறாவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். அல்லாஹ்வின் கிருபையால் நான் இங்கு நல்ல சுகம். உம்மாவின் முழங்கால் வருத்தம் எப்படியென்று எழுது.

என்னோடு வேலை செய்யும் முத்தலிப் லீவில் ஊருக்கு வருகிறான். அவன் கையில் இரண்டு போத்தல் குளிசை மாத்திரையும் ஒரு கறுப்புக் கண்ணாடியும் கொடுத்திருக்கிறேன். எல்லாம் உன் கைக்கும் கழுத்துக்கும்தான். நான் சமையற்கட்டில் வேலை செய்யும் இந்த ஆஸ்பத்திரியில் தோல் வருத்தங்களுக்கென்று ஒரு லைட் அறை இருக்கிறது. அலுமாரி மாதிரி ஒரு பெட்டி, உள்ளே சுற்றிவர ஊதா வெளிச்சம் தரும் டியூப் லைட்டுகள். உன்னைப்போல் தோலில் வெள்ளை விழுந்தவர்கள் குளிசையைக் குடித்து, இரண்டு மணித்தியாலம் கழித்து அதற்குள் போய் நிற்கிறார்கள். சில மாதங்களில் வெள்ளைக்குள் புள்ளி புள்ளியாக நிறம் திரும்புகிறது. என் கண்ணால் கண்டேன்.

குளிசை தனியே ஒன்றும் செய்யாதாம், வெளிச்சமும் தனியே ஒன்றும் செய்யாதாம். இரண்டும் தோலில் சந்தித்தால்தான் வேலை நடக்கும். நமக்குப் பெட்டி எதற்கு, கல்முனை வெயில் போதும். சாப்பிட்டுவிட்டுக் குளிசையைக் குடி. இரண்டு மணித்தியாலம் கழித்து வெள்ளையை மட்டும் வெயிலுக்குக் காட்டு. முதல் நாள் ஐந்து நிமிடம். ஒருநாள் விட்டு ஒருநாள் செய். தோல் சிவக்காவிட்டால் அடுத்த முறை நேரத்தைக் கொஞ்சம் கூட்டு. பிறகு கையை மூடிவிடு. பொழுது படும்வரை கண்ணாடியைக் கழற்றாதே.

இந்த விபரமெல்லாம் தந்தவன் அந்த லைட் அறையில் வேலை செய்யும் றஸாக். சாய்ந்தமருது மீராசாஹிபுவின் மகன். என்னோடு கிறிஸ்ரோபர் மாஸ்டரிடம் கணக்குப் படித்தவன், இங்கும் நாங்கள் ஒரே அறை. அவனை உனக்கு மாப்பிள்ளையாகக் கேட்டிருக்கிறேன். விருப்பம் என்கிறான். உம்மாவிடம் சொல்லு. கையைப் பற்றி ஊரில் யாரிடமும் மூச்சு விடாதே.

உன் காக்கா
ஜெமீல்

---

கல்முனைக்குடி
04.04.1982

அன்புக் காக்காவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். உம்மாவின் முழங்கால் இப்போது பரவாயில்லை. உங்கள் சாப்பாடு, உறக்கம் எப்படி?

குளிசை வந்தது. சொன்னபடி கிணற்றடியில் இருக்கிறேன். கிடுகு வேலி போதாதென்று உம்மா அதன்மேல் பழைய சாரிகளையும் இரண்டு பன்பாயையும் கட்டியிருக்கிறா. அப்படியும் அவவுக்கு நிம்மதியில்லை. "குமருப் புள்ள வெயில்ல கையத் துறந்து போட்டுட்டு இரிக்கிறத ஆரும் கண்டா என்ன கதைப்பாங்க?" என்று வேலியைச் சுற்றிச் சுற்றி வருகிறா. பக்கத்து வளவில் தேங்காய் பறிக்க ஆள் ஏறினால் நான் குசினிக்குள் ஓட வேண்டும். அன்று குடித்த குளிசை வீண். வீட்டுக்குள் கறுப்புக் கண்ணாடியோடு சோறாக்குகிறேன். நேற்றுத் தேத்தண்ணிக்குச் சீனி போடுகிறேன் என்று நினைத்து, அடுப்பில் இருந்த ஆணக் கறிக்குள் உப்பை அள்ளிப் போட்டேன், அதுவாவது சரியாக விழுந்தது.

சிரிப்பதற்காக இதை எழுதவில்லை. எனக்குக் கோபம். நாலு வருடமாக இந்தக் கைக்காகத்தான் என்னை வீட்டுக்குள் வைத்தீர்கள். ஆசிரியர் கலாசாலைக்கு எடுபட்டபோது, அங்கே நாலு பேர் காண்பார்கள் என்று போகவிடவில்லை. இப்போது வெயிலில் இரு என்கிறீர்கள். வெயிலுக்குக் காட்டலாம், மனிசருக்குக் காட்டக்கூடாது.

ஒரே ஒரு கேள்வி. என் கை இப்படியென்று றஸாக்குக்குத் தெரியுமா? தெரியாமல் அவர் சொன்ன விருப்பம் எனக்கு விருப்பமாகாது. இதற்குப் பதில் எழுதுங்கள்.

முனவ்வறா

---

றியாத்
29.04.1982

அன்பின் தங்கச்சிக்கு,

ஸலாம். நானும் அறையில் உள்ள மற்றவர்களும் சுகம். உம்மாவுக்கு முழங்காலில் பூச ஒரு தைலம் அடுத்த ஆளிடம் அனுப்புகிறேன்.

கோபப்படாதே. றஸாக் ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் ஜும்ஆவுக்குப் பிறகு என்னைப் பிடித்து, "எப்படி, நிறம் வருதா? கண்ணாடி போடுறாங்களா?" என்று விசாரிக்கிறான். அவ்வளவு அக்கறை. தோல் ஓரத்தில் லேசாகச் சிவந்தால் பயப்பட வேண்டாமாம், அதுதான் அடையாளமாம்.

அவன் நிறைய வாசிக்கிறவன். இதே முறையைப் புற்றுநோய்க்கும் அமெரிக்காவில் பார்க்கிறார்களாம். ஊசியில் ஒரு மருந்தை ஏற்றிவிட்டு, லேசர் என்ற சிவப்புக் கதிரைக் கட்டியின்மேல் பிடித்தால் கட்டி மட்டும் சாகிறதாம். ஆனால் அந்த ஊசி போட்டவர்கள் ஒரு மாதத்துக்கு மேல் வெயிலில் தலைகாட்டக் கூடாதாம், சாதாரண வெயிலே சுட்டுவிடுமாம். விஞ்ஞானம் எங்கேயோ போய்விட்டது. நீ குளிசையை விடாமல் குடி.

ஜெமீல்

---

கல்முனைக்குடி
20.05.1982

என் அன்புக் காக்கா,

அஸ்ஸலாமு அலைக்கும். இங்கு நாங்கள் இருவரும் நல்ல சுகம், இந்த முறை அதை மனதார எழுதுகிறேன்.

மணிக்கட்டுக்கு மேலே, வெள்ளைக்குள்ளே கடுகளவில் ஏழெட்டுப் புள்ளி வந்திருக்கிறது. என் சொந்த நிறம். உம்மா கண்ணுக்குக் கிட்டப் பிடித்துப் பார்த்துவிட்டு, தேமல் மறைகிறது என்றா. அவவுக்கு இது இன்னும் தேமல்தான்.

போன கடிதத்தில் உங்களைக் கடிந்து எழுதிவிட்டேன். றஸாக்குக்கு எல்லாம் தெரியும் என்று நீங்கள் நேரே எழுதியிருக்கலாமே. அவர் கண்ணாடி போடுகிறேனா என்று கேட்ட இடத்தை நான் எத்தனை முறை வாசித்தேன் என்று உங்களுக்குச் சொல்ல வெட்கமாக இருக்கிறது. என் கையை அறிந்து, அதற்கு மருந்தும் தேடித் தந்து, அப்படியும் என்னைக் கேட்கிற ஒருவர் இருக்கிறார் என்றால் எனக்கு வேறென்ன வேண்டும். உம்மாவிடம் சம்மதம் என்று சொல்லிவிட்டேன்.

அடுத்த மாதம் நோன்பு வருகிறது. பகலில் சாப்பிடவோ குளிசை குடிக்கவோ ஏலாது. அப்போது எப்படிச் செய்வது என்று றஸாக்கிடம் கேட்டு எழுதுங்கள். கட்டாயம் அவரிடமே கேளுங்கள்.

அன்புத் தங்கச்சி
முனவ்வறா

---

றியாத்
11.06.1982

தங்கச்சிக்கு,

ஸலாம். வேலை அதிகம், அதனால் சுருக்கமாக எழுதுகிறேன். சுகம்.

நோன்பில் குளிசையை விடியுமுன் சஹர் சாப்பாட்டோடு குடி. பகலில் வழக்கம்போல வெயிலில் இரு. சிவக்காவிட்டால் நேரத்தைக் கூட்டு, முன்பு சொன்ன மாதிரித்தான். ஒன்றும் ஆகாது. நோன்புக்கு என் ஸலாத்தை எல்லோருக்கும் சொல்லு.

ஜெமீல்

---

கல்முனைக்குடி
28.07.1982

காக்காவுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். உம்மா சுகம். நான் சுகமில்லை.

நோன்பு முழுக்க நீங்கள் சொன்னபடி செய்தேன். சஹருக்குக் குளிசை, நடுப்பகல் லுஹர் தொழுகைக்குக் கொஞ்சம் முன் கிணற்றடியில் வெயில். நாக்கு மேலண்ணத்தில் ஒட்டுகிற தாகத்தோடு இருந்தேன். தோல் சிவக்கவே இல்லை. நேரத்தைக் கூட்டச் சொன்னீர்கள், கூட்டினேன். பதினைந்து நிமிடம் அரை மணியானது, கடைசியில் ஒரு மணித்தியாலத்துக்கு வந்தது. அப்போதும் ஒன்றுமில்லை.

பெருநாள் முடிந்து மூன்றாம் நாள் பழையபடி காலைச் சாப்பாட்டோடு குளிசையைக் குடித்தேன். பதினொரு மணிக்கு வெயிலில் இருந்தேன், நோன்பில் பழகிய அதே ஒரு மணித்தியாலம். பின்னேரம் கை மிளகாய் அரைத்துப் பூசியது போல் எரிந்தது. விடியப் பார்த்தால் முழங்கையிலிருந்து மணிக்கட்டுவரை கொப்புளம். கழுத்தில் சீலை படமுடியவில்லை. வந்த புள்ளிகளெல்லாம் அந்தக் கொப்புளத்துக்குள் போய்விட்டன.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போன உம்மா, "கஞ்சி கொட்டுண்டு போச்சி டொக்டர்" என்றா. "கஞ்சி கொட்டினா இப்பிடி அளவெடுத்த மாதிரி வேகாதே அம்மா. ஏதும் மருந்து குடிச்சதா?" என்று டொக்டர் என்னைப் பார்த்துக் கேட்டார். நான் வாயைத் திறக்க முன்னம் உம்மா என் காலை மிதித்தா. வெந்த கையோடு நானும் கஞ்சிதான் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

ஏன் இப்படி நடந்தது? றஸாக் என்ன சொல்கிறார்? இப்போது என்ன பூசுவது? உடனே எழுதுங்கள்.

முனவ்வறா

---

றியாத்
12.08.1982

தங்கச்சிக்கு,

ஸலாம். உன் கடிதத்தைக் கண்டு மனம் கலங்கிப் போனேன். குளிசையை நிறுத்து. கொப்புளத்தை உடைக்காதே. வெயில் படாமல் கையை வெள்ளைத் துணியால் சுற்றி வை. ஆஸ்பத்திரிக் களிம்பைப் பூசு. இது றஸாக் சொன்னது.

அவனுடைய உம்மாவும் வீட்டாரும் இந்த மாதம் உன்னைப் பார்க்க வருவதாக இருந்தார்கள். காய்ச்சல் என்று சொல்லித் தள்ளிப்போடச் சொல்லு. கை ஆறட்டும். கஞ்சி என்று உம்மா சொன்னது நல்லது, அதையே சொல்லுங்கள்.

ஜெமீல்

---

றியாத்
13.08.1982

பெருமதிப்புக்குரிய கிறிஸ்ரோபர் சேர் அவர்களுக்கு,

தங்களிடம் கணக்குப் படித்த சாய்ந்தமருது மீராசாஹிபு றஸாக் பணிவுடன் எழுதுவது. தாங்களும் துணைவியார் செலீனா ரீச்சரும் சுகமாக இருக்கக் கர்த்தர் அருளட்டும்.

தங்கள் கையிலும் கழுத்திலும் வெள்ளை விழுந்து, ஓய்வு பெற்ற வயதில் தாங்கள் மனம் நொந்து போயிருப்பதாக ஜெமீல் மார்ச் மாதம் சொன்னான். எனக்குப் படிப்பித்த கை என்று, இங்குள்ள பெரிய டொக்டரிடம் கேட்டுக் குளிசை வாங்கிக் கொடுத்தேன். இப்போது அந்தக் கை வெந்துவிட்டது என்கிறான். நான் சொன்ன அளவில் ஏதும் பிழையோ என்று எனக்கு வேலையே ஓடவில்லை.

ஒரு மாதமாகத் தோல் சிவக்கவே இல்லை, பிறகு ஒரே நாளில் வெந்தது என்கிறான். இதுதான் எனக்கு விளங்கவில்லை. குளிசை குடித்து இரண்டு மணித்தியாலத்தில்தான் தோல் வெளிச்சத்துக்குக் கூசும். அரைநாள் போனால் மருந்து உடம்பை விட்டுப் போய்விடும். அதற்குப் பிறகு எவ்வளவு நேரம் இருந்தாலும் வெறும் வெயில்தான். இங்குள்ள நோயாளிகளுக்கு அந்தக் குழப்பம் வருமென்று, நோன்பு தொடங்கு முன்பே குளிசையை நிறுத்தி, பெருநாள் கழித்து முதல் நாள் அளவிலிருந்து தொடங்குவோம். தங்களுக்கு நோன்பு இல்லையாதலால் அதைப் பற்றி ஜெமீலிடம் நான் சொல்லவேயில்லை.

தாங்கள் எத்தனை மணிக்குக் குடித்தீர்கள், எத்தனை மணிக்கு வெயிலில் இருந்தீர்கள் என்று தயவுசெய்து எனக்கு நேரே எழுதுங்கள், சேர்.

தங்கள் மாணவன்
மீ. றஸாக்

---

கல்முனைக்குடி
02.09.1982

ஜெமீலுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். ஸலாம் சொல்வது கடமை, அதனால் சொல்கிறேன்.

நேற்றுப் பின்னேரம் கிறிஸ்ரோபர் சேர் வந்தார். சைக்கிளை வேலியில் சாய்த்துவிட்டு வந்து கதிரையில் உட்கார்ந்து, "பிள்ளை, உங்கட காக்கா எனக்கு வெள்ளை விழுத்திப்போட்டார். றஸாக் கடிதம் எழுதியிருக்கான். என்ட கையைப் பாருங்க, எங்க இரிக்கு?" என்று சட்டைக் கையை மடித்துக் காட்டிச் சிரித்தார். அப்போதுதான் என் கையில் சுற்றியிருந்த துணியைக் கண்டார். சிரிப்பு நின்றுவிட்டது. கடிதத்தைக் கதிரையில் வைத்துவிட்டு, "நான் ஒண்டும் காணல்ல பிள்ளை" என்று எழும்பினார். "இல்ல சேர், இருந்து நல்லாப் பாருங்க" என்று துணியை அவிழ்த்துக் காட்டினேன். உம்மா அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டா.

றஸாக்கிடம் கேளுங்கள் என்று எழுதினேனே. கட்டாயம் அவரிடமே கேளுங்கள் என்று எழுதினேனே. நீங்கள் எப்படிக் கேட்பீர்கள்? கிறிஸ்ரோபர் சேருக்கு ஏது நோன்பு? கேட்டால் பொய் வெளிப்படும் என்று, சமையற்கட்டில் சோறு கிண்டுகிற நீங்கள் டொக்டராகி எனக்கு மருந்து சொன்னீர்கள். அவர் ஒரே ஒரு வரி சொல்லியிருப்பார், நோன்பில் நிறுத்து என்று. அந்த ஒரு வரி எனக்கு வராததால் என் கை வெந்தது. சூரியன் சுட்டதென்று இனி யாரும் எனக்குச் சொல்ல வேண்டாம். சுட்டது நீங்கள்.

என் மே மாதக் கடிதத்தை வாசித்துவிட்டும் பேசாமல் இருந்தீர்களே, அதைத்தான் என்னால் தாங்க முடியவில்லை. அவருக்குத் தெரியும் என்று நான் சந்தோசப்பட்டு எழுதினேன். ஒரு முட்டாளை விட்டு வேடிக்கை பார்ப்பது போல் பார்த்துக்கொண்டு இருந்துவிட்டீர்கள்.

றஸாக்குக்கு நானே எழுதுகிறேன். உங்களிடம் கேட்டுத்தான் எழுத வேண்டும் என்று இனி எனக்கு ஒன்றுமில்லை.

முனவ்வறா

---

கல்முனைக்குடி
02.09.1982

மதிப்புக்குரிய றஸாக் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்கள் மருந்து கொடுத்த கிறிஸ்ரோபர் மாஸ்டர் நான்தான். ஜெமீலின் தங்கச்சி முனவ்வறா.

சேருக்கு வருத்தம் ஒன்றுமில்லை, அவர் நல்ல சுகம். வெள்ளை எனக்கு. பத்தொன்பது வயதிலிருந்து இடது கையிலும் கழுத்திலும் இருக்கிறது. உங்கள் அளவில் பிழையில்லை. நோன்பில் சஹருக்குக் குளிசை குடித்தேன், நடுப்பகலில் வெயிலில் இருந்தேன். பெருநாளுக்குப் பிறகு அதே ஒரு மணித்தியாலத்தைக் காலைக் குளிசையோடு இருந்தேன். உங்களுக்கு விளங்காதது இப்போது விளங்கும்.

இனி இரண்டு கேள்வி. கை ஆறியபின் மருந்தைத் திரும்பத் தொடங்கலாமா? மற்றது, விருப்பம் என்று சொன்னீர்களாமே. அது யாரை நினைத்துச் சொன்னது? அறியாத ஒருத்தியை நினைத்துச் சொன்னதென்றால் அதை நீங்கள் திரும்ப எடுத்துக்கொள்ளலாம், நான் குறை நினைக்கமாட்டேன்.

மு. முனவ்வறா

---

றியாத்
26.09.1982

அன்பின் முனவ்வறாவுக்கு,

வ அலைக்குமுஸ்ஸலாம். கை எப்படி என்பதே என் முதல் கேள்வி.

ஜெமீலோடு நான் இப்போது கதைப்பதில்லை. வேறு அறைக்கு மாறிவிட்டேன். என் கையால் கொடுத்த மருந்து உங்களைச் சுட்டது என்பதை நினைக்க அவமானமாக இருக்கிறது.

தோல் முழுதாக ஆறி இரண்டு மாதம் போகட்டும். பிறகு முதலிலிருந்து ஐந்து நிமிடத்தில் தொடங்குங்கள். அதற்கு முன் அந்த ஆஸ்பத்திரி டொக்டரிடம் குளிசைப் போத்தலைக் காட்டி உண்மையைச் சொல்லுங்கள். இரத்தம் சோதிக்க வேண்டும், கண்ணும் பார்க்க வேண்டும். நிறம் வந்தது என்றால் திரும்பவும் வரும்.

இரண்டாவது கேள்விக்குப் பதில். உங்கள் கையால் எனக்குத் தடையில்லை. தினமும் இதைத்தானே பார்க்கிறேன். ஆனால் என் உம்மாவுக்கும் எங்கள் வீட்டுப் பெண்களுக்கும் இது தெரிய வேண்டாம், அவர்கள் வேறு பேர் வைத்துக் கதைப்பார்கள். நான் அடுத்த வருடம் லீவில் வரும்போது நிறம் வந்திருக்கும். கலியாணத்தன்று நீளக் கைச் சட்டையும் கழுத்தை மூடிய முக்காடும் போதும். அதுவரை இது உங்கள் வீட்டாருக்கும் எனக்கும் இடையில் இருக்கட்டும்.

மீ. றஸாக்

---

கல்முனைக்குடி
22.10.1982

றஸாக் அவர்களுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். கை ஆறிவிட்டது. டொக்டரிடம் போத்தலைக் காட்டினேன், திட்டிவிட்டு இரத்தம் எடுத்தார். காக்கா இன்னும் பதில் எழுதவில்லை.

மருந்து பற்றி நீங்கள் எழுதியதை நாலைந்து முறை வாசித்தேன், நன்றி. அதற்குக் கீழே எழுதியதை ஒரு முறைக்கு மேல் வாசிக்கவில்லை. காலையிலிருந்து பின்னேரம்வரை ஊரார் வெள்ளைக்கு லைட் அடிக்கிற நீங்கள், உங்கள் பெண்சாதியாக வருகிறவளுக்கு நீளக் கைச் சட்டை போடச் சொல்கிறீர்கள். ஜெமீல் உங்களிடம் மறைத்தார், நீங்கள் உம்மாவிடம் மறைக்கச் சொல்கிறீர்கள். உங்கள் வீட்டில் நான் முக்காட்டை இழுத்து இழுத்துவிட்டே கிழவியாகிவிடுவேன். அடுத்த வருடம் நிறம் வராவிட்டால் யார் என்று என்னை அறிமுகம் செய்வீர்கள்?

போன சனிக்கிழமை செலீனா ரீச்சரைக் கூட்டிக்கொண்டு சாய்ந்தமருதுக்குப் போனேன். உம்மா வர மறுத்துவிட்டா. உங்கள் உம்மா தேத்தண்ணி தந்தா. குடித்துவிட்டுக் கையைத் திறந்து காட்டினேன்.

"இது நோயா புள்ள, நெருப்புச் சுட்டதா?"

"ரெண்டும்தான் மாமி."

"என்ட மகன் அறிவானா?"

"அறிவார். உங்களுக்குச் சொல்ல வேணாம் என்டு எழுதியிருக்கார்."

அவ என் கையைப் பிடித்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தா. பிறகு, "ஊரு ரெண்டு நாளு கதைக்கும். அவன் வரட்டும், நான் அவனக் கேக்கன். உனக்குச் சம்மதம்தானே புள்ள?" என்றா.

உங்கள் உம்மா பயப்படவில்லை. பயந்தவர் நீங்கள். அவவின் துணிவுள்ள மகனாக நீங்கள் வந்திருந்தால் ஓம் என்றிருப்பேன். நான் இல்லை என்று சொன்னேன். அவ வாசல்வரை வந்து வழியனுப்பினா.

வேலியில் கட்டிய சாரிகளை அவிழ்த்துவிட்டேன். ஜனவரியில் திரும்பத் தொடங்குவேன், முன்வாசலில் கதிரை போட்டு. தெருவால் போகிறவர்கள் பார்த்தால் பார்க்கட்டும், கேட்டால் சொல்வேன். குளிசைகள் முடிந்துவிடும். அனுப்ப மனமிருந்தால் அனுப்புங்கள், யார் கையிலும் கொடுத்துவிடாமல் தபாலில் அனுப்புங்கள். உறையில் என் பெயரைத் தெளிவாக எழுதுங்கள்.

முகைதீன்பாவா முனவ்வறா